கடைசி வகுப்பில என்ன செய்யலாம்?

கேள்வி: திருகோணமலையில சனிக்கிழமைகளில பேச்சுப் பயிற்சி வகுப்பு எடுக்கிறன். எல்லாம் தரம் 9, 10 பிள்ளையள், 18 பேர். அடுத்த கிழமையோட முடியுது, கடைசி நாள் ரெண்டு மணித்தியாலம் இருக்கு. பேச்சுப்போட்டி வைச்சுப் பரிசு குடுப்பம் எண்டு பாத்தா பிள்ளையள் முகத்தச் சுளிக்கினம், "ஏதாவது ஜாலியா செய்வம் ரீச்சர்" எண்டு கேக்கினம். பெரிய செலவு செய்யேலாது. வாயே திறக்காத பிள்ளையளும் ரெண்டு மூண்டு பேர் இருக்கினம். ஒரு வழி சொல்லுங்கோ.
- ஆசிரியை ஒருவர், உவர்மலை

பதில்: போட்டிய விடுங்கோ ரீச்சர். சின்ன வகுப்பில இருந்தே தமிழ்த்தினப் போட்டி அது இது எண்டு பாடமாக்கி, "மதிப்புக்குரிய நடுவர்களே" எண்டு தொடங்கி ஒரே இடத்தில ஒரே மாதிரி கைய ஆட்டிப் பழகின பிள்ளையள், கடைசி நாளும் அதையே செய் எண்டா சுளிக்காம வேற என்ன செய்வினம்? பாடமாக்க ஏலாத விளையாட்டா வையுங்கோ, அம்மா எழுதிக் குடுக்க ஏலாது, யூடியூப்பில பாத்து வர ஏலாது, அந்த இடத்தில வாயில வாறதுதான்.

நான் முதல்ல சொல்லுறது வழக்கு. எங்கட ஊரில குற்றவாளிக்கா பஞ்சம், கோட்டைக்குள்ளயும் ரவுனுக்குள்ளயும் திரியிற புள்ளிமான் இருக்கே! கோணேசர் கோயிலுக்குப் போன அம்மா ஒராளின்ர அர்ச்சனைத் தட்டில இருந்த வாழைப்பழத்தப் பட்டப்பகலில பறிச்சிட்டுது, இதுதான் குற்றச்சாட்டு. நீதவான், ரெண்டு பக்கமும் மும்மூண்டு சட்டத்தரணி, பழம் பறிகுடுத்த அம்மா, பக்கத்துப் பூக்கடைக்காரர், அந்த நேரம் பாத்து செல்ஃபி எடுத்துக்கொண்டு நிண்ட ஒரு ரூரிஸ்ட், இப்பிடிச் சாட்சியள். மிச்சப் பேர் ஜூரி. ஆயத்தப்படுத்த பத்து நிமிசம், அதுக்கு மேல குடுத்தா எழுதத் தொடங்கிடுவினம். ஒரேயொரு சட்டம், சாட்சி கடைசியாச் சொன்ன பதிலில இருந்துதான் அடுத்த கேள்வி வரவேணும். இதில விசயம் என்னெண்டா, பேசப் பழகின பிள்ளைக்கு மற்றவன் சொல்லுறதக் கேக்கத் தெரியாது, குறுக்கு விசாரணை எண்டா கேட்டே ஆகோணும். மான்ர பக்கத்துச் சட்டத்தரணிக்குச் சொல்ல ஒண்டும் இல்ல எண்டு நினைக்காதீங்கோ, சாப்பாட்டச் சொப்பின் பையோட ரோட்டில எறிஞ்சது ஆர், அந்தப் பையத் திண்டு மான் செத்தா ஆரப் பிடிச்சுக் கூண்டில ஏத்துறது எண்டு திருப்பிக் கேட்டா அரச தரப்பு முழிக்கும்.

வாய் திறக்காத பிள்ளைய மானா நிப்பாட்டுங்கோ, ஆனா முதல்லயே தனியக் கூப்பிட்டுக் கேட்டிட்டு. மானுக்குக் கதைக்கத் தெரியாதுதானே, கூண்டில நிண்டு பழத்தச் சப்புறதும் தலைய ஆட்டுறதும்தான் வேலை, எல்லாருக்கும் முன்னால நிண்டதும் ஆச்சு. இடையில வாயத் திறந்தாச் சரி, திறக்காட்டியும் சரி, இழுத்து வைச்சுப் பேசப் பண்ணாதீங்கோ.

வழக்கு முடிய ஒரு மணித்தியாலம் போயிடும். பிறகு ஒரு நிமிச விளையாட்டு. 1967ல பிபிசி வானொலியில தொடங்கின ஒரு நிகழ்ச்சியின்ர விதியள்தான், தடுமாறக்கூடாது, சொன்னதத் திருப்பிச் சொல்லக்கூடாது, தலைப்ப விட்டு வெளிய போகக்கூடாது. ஒராள் பிழை விட்டா மற்றவர் மேசையில தட்டி மிச்ச நேரத்தப் பறிச்சுக்கொண்டு அதே தலைப்பில பேசவேணும், நிமிசம் முடியேக்க ஆர்ட வாயில பேச்சு இருக்கோ அவருக்குப் புள்ளி. தலைப்பக் கடதாசித் துண்டில எழுதிச் சுருட்டிப் போடுங்கோ, கன்னியாவில ஏழு கிணறு ஏன், நிலாவெளியில தொலைஞ்ச செருப்பு, அம்மா என்ர போனப் பாத்த அண்டைக்கு, இப்பிடி. 'வந்து', 'என்னெண்டா' எண்டு இழுத்தா அதுவும் தடுமாற்றம்தான். முதல் சுற்றுக்கு 30 செக்கன் காணும், முழு நிமிசம் பெரிய ஆக்களுக்கே கஷ்டம். நேரம் பாக்கிற வேலையையும் ஒரு பிள்ளையிட்டக் குடுங்கோ.

புரொஜெக்டரில முன்பின் பாக்காத படங்களப் போட்டுப் பேசவிடுற விளையாட்டும் இருக்கு, கரண்ட் போனா அதோட சரி, அத நம்பி இருக்காதீங்கோ.

மிமிக்ரி செய்யக் கேப்பினம், கட்டாயம் கேப்பினம். உங்களப் போல நடிக்க விடுங்கோ, நீங்கள் கண்ணாடிய இறக்கி இறக்கிப் பாக்கிறது, "பின்னுக்கு என்ன சத்தம்" எண்டுறது எல்லாம் வெளிய வரும், சிரிச்சுக்கொண்டு இருங்கோ. ஆனா ஒருத்தர மற்றவர் நடிச்சுக் காட்ட விடாதீங்கோ, அந்த வயசில திக்குவாயையோ உடம்பையோ ஒருக்காப் பகிடி பண்ணினா அந்தப் பிள்ளை பிறகு மேடைப் பக்கமே வராது. போன் எல்லாத்தையும் வாங்கி ஒரு பெட்டிக்குள்ள போடுங்கோ, ரிக்ரொக்கில வரும் எண்டு பயந்தா ஒருத்தரும் கூத்தாட மாட்டினம்.

கடைசிப் பதினைஞ்சு நிமிசம் ஆளுக்கு ஒரு துண்டு, பக்கத்தில இருக்கிறவருக்கு ஒரு வரி எழுதிக் குடுக்கிறது. "நல்லாப் பேசினாய்" எண்டு எழுதினா திருப்பிக் குடுங்கோ. "மானுக்காக வாதாடேக்க ஒருக்கா நிப்பாட்டிச் சுத்திப் பாத்தாய், அது நல்லாயிருந்துது" எண்டு எழுதினா எடுப்பம். பரிசுக் காசில ரோல்ஸும் சோடாவும் வாங்குங்கோ, அதுவும் வழக்கு முடிஞ்ச பிறகு, முதலே குடுத்தா சட்டத்தரணியள்ர வாய் நிறைய ரோல்ஸ்தான் இருக்கும்.