கேட்டில் நிற்பவர் முகம் தெரியணுமா? மெகாபிக்சலை விடுங்க, லென்ஸைப் பாருங்க

திருச்சிப் பக்கம் தனி வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள், நான் பெங்களூரில் இருக்கிறேன், ஆன்லைனில் விற்கும் சுழலும் வைஃபை கேமரா நாலு வாங்கி மாட்டினால் போதுமா, இல்லை டிவிஆர் (எல்லா கேமராவின் படத்தையும் பதிவு செய்து வைக்கும் பெட்டி) வைத்து ஒயர் இழுக்கணுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போர்ட்டிகோவிலிருந்து கேட் 25 அடி, கரண்ட் அடிக்கடி போகும் என்கிறார்.

ஒயர் இழுத்துவிடுங்கள். இரண்டு சுவர் தாண்டினாலே வைஃபை நொண்டும். மெமரி கார்டு கேமராவுக்குள்ளேயே இருப்பதால், கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் அதோடு போச்சு. சுழலும் கேமராவோ கொல்லைப் பக்கம் திரும்பியிருக்கிற நேரத்தில் கேட்டில் நடப்பதைப் பார்க்காது. ஹாலுக்குள் ஒன்று வேண்டுமென்றால் வைஃபை போதும், ஆனால் அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள், அவர்கள் புழங்குகிற இடம் அது.

இப்போது லென்ஸ். கடையில் பெரும்பாலும் 2.8 எம்எம் கொடுத்துவிடுவார்கள், வாசல் முழுக்கத் தெரியும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தெரியாத ஒருவரின் முகத்தை உறுதியாக அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல் வேண்டும். 2 மெகாபிக்சல் கேமராவில் 2.8 எம்எம் லென்ஸ் போட்டால் பத்தடி வரைதான் அந்தத் தெளிவு கிடைக்கும். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் பைக் திருடியவனின் தொப்பி தெரிந்தது, நடை தெரிந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து சாம்பல் கட்டங்கள்தான். அந்த வீட்டுக்காரர் ஜூம் பண்ணிப் பண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தார், பாவமாக இருந்தது. அதனால் உங்கள் கேட்டுக்கு மட்டும் 6 எம்எம் போடச் சொல்லுங்கள், அகலம் குறைவாகத் தெரியும், ஆனால் முகம் பெரிதாக விழும், 25 அடிக்குச் சரியாக வரும். போர்ட்டிகோ, கொல்லை, மாடிப்படிக்கு 2.8 போதும்.

ஹார்ட் டிஸ்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, நாலுக்கும் சேர்த்து 86 ஜிபி ஆகும். 1 டிபி பதினோரு நாளில் நிறைந்து பழையதன்மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். அப்பா அம்மா உங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டுத் திரும்பினால் முதல் நாள் பதிவு இருக்காது. 2 டிபி வாங்குங்கள், அதுவும் சிசிடிவிக்கென்றே வரும் டிஸ்க்காக.

டிவிஆரை மட்டும் டிவி ஸ்டாண்டில் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். திருடர்கள் போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போன செய்தி நம் ஊரில் எத்தனை முறை வந்துவிட்டது. காற்றோட்டமான பரணிலோ பூட்டிய அறையிலோ வையுங்கள், இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். எல்லாம் சேர்த்தே ஒரு சீலிங் ஃபேன் இழுக்கும் கரண்ட்தான் ஆகும். ரவுட்டரையும் அதிலேயே சேர்த்தால் கரண்ட் இல்லாதபோதும் நீங்கள் பெங்களூரிலிருந்து பார்க்கலாம்.

அப்புறம் சிலந்தி. இரவில் கேமரா இன்ஃப்ராரெட் என்ற, நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விட்டுத்தான் பார்க்கும். அதைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஒற்றை இழை ஆடினால் திரையில் வெள்ளைக் கயிறு மாதிரி தெரியும், உங்கள் போனில் இரவெல்லாம் அலர்ட் அடிக்கும். மாதம் ஒருமுறை ஒட்டடை அடிக்கச் சொல்லுங்கள், கேமராவைச் சுவரையோ கூரை விளிம்பையோ ஒட்டி மாட்டாதீர்கள், அதுவும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்.

நெட்டில் இணையும் கேமராக்களுக்கு மத்திய அரசு கொண்டுவந்த பாதுகாப்புச் சோதனை விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடப்பில் இருக்கிறது, வாங்கும் மாடலுக்கு எஸ்டிக்யூசி (மத்திய அரசின் சோதனை அமைப்பு) சான்று உண்டா என்று கேளுங்கள். மாட்டி முடித்ததும் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் 2016இல் மிராய் வைரஸ் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. பக்கத்து வீட்டு வாசல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியை மறைக்க டிவிஆரிலேயே வசதி உண்டு, கேமரா மாட்ட வந்த ஆளை அனுப்புவதற்குள் செய்ய வைத்துவிடுங்கள்.

கடைசியாக, டிவிஆரில் தேதியும் நேரமும் சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஏதாவது நடந்துவிட்டால் அன்றைக்கே பென் டிரைவில் எடுத்துவிட்டு, டிவிஆரையும் அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள், போலீஸ் மூலப் பதிவையும் கேட்பார்கள்.