ராஸ்பெர்ரி பையில் கோப்பு நகல் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை, போர்டை மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். இதே 11 எம்பி என்னை மூன்று வாரம் அலைக்கழித்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ராஸ்பெர்ரி பை என்பது கையளவு சின்ன கம்ப்யூட்டர் போர்டு; சுருக்கமாகப் பை. முதலில் அதன் மாடலைப் பாருங்கள். 3பி என்றால் அதன் லேன் போர்ட்டே 100 மெகாபிட்தான். எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி, அதனால் 11 எம்பி அதற்கு முழு வேகம். 2018-ல் வந்த 3பி பிளஸ்ஸில் கிகாபிட், அதாவது 1000 மெகாபிட் போர்ட் உண்டு, ஆனால் உள்ளே யூஎஸ்பி 2 வழியாகப் போவதால் சுமார் 300 மெகாபிட்டோடு நின்றுவிடும். 2019-ல் வந்த பை 4-லிருந்துதான் முழு கிகாபிட். உங்களிடமும் பை 4 என்றே வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் கல்யாண போட்டோ, வீடியோ வேலை. ஒரு கல்யாணத்துக்கு 180 ஜிபி சாதாரணமாக வரும். கீழே கடையில் பையும் ஹார்ட் டிஸ்க்கும், மாடியில் எடிட்டிங் கம்ப்யூட்டர். முன்பு அரை மணி நேரத்தில் ஏறியது, திடீரென்று நாலரை மணி நேரம் ஆனது. நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது பிள்ளைகள் படிக்கிற போர்டு, இத வச்சு கடை நடத்த முடியாது" என்றான். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நானே செட் பண்ணியது அது. மனசு கேட்கவில்லை.

வைஃபையில் பார்த்திருப்பாய் என்று யாரும் கிளம்ப வேண்டாம், கேபிளில்தான் பார்த்தேன். கரண்ட் போதவில்லையோ என்று 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்' (vcgencmd get_throttled) என்ற கட்டளையைக் கொடுத்தேன். 0x0 வந்தது, அதாவது குறை இல்லை. அடுத்து ஐபெர்ஃப்3 (iperf3). இது டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். 94 மெகாபிட். அப்போதே டிஸ்க் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. லேன் இணைப்பின் வேகத்தைக் காட்டும் 'ஈத்டூல் ஈத்0' (ethtool eth0) கொடுத்தால் ஸ்பீடு என்ற இடத்தில் 1000-க்குப் பதில் 100.

பையைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போய், ரவுட்டரில் ஒரு சின்ன கேபிளால் நேராகச் செருகினேன். 1000 காட்டியது. ஐபெர்ஃப்3-ல் 940. போர்டு மேல் ஒரு குற்றமும் இல்லை!

மிச்சம் வழியில் இருந்த கேபிள்தான். கீழே சுவரில் இருந்த லேன் சாக்கெட்டைத் திறந்தால் உள்ளே கம்பியெல்லாம் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பியையே தின்கிற உப்புக்காற்று. 100 மெகாபிட்டுக்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மிச்ச நாலில் ஒன்று கெட்டாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். என் இன்டர்நெட் பிளானே 50 மெகாபிட், அதனால் வெளியே எந்தக் குறையும் தெரியவில்லை.

அதற்குப் பதில் புது சாக்கெட் வாங்கிய கதையையும் சொல்லியாக வேண்டும். ஆன்லைனில் போட்டேன், "வீடு பூட்டியிருந்தது" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். நான் கடையிலேயே இருந்தேன். போனில் கேட்டால், "கன்னியாகுமரிதானே, வந்து வாங்கிக்கோங்க" என்கிறார்கள். கன்னியாகுமரி ஊர் இங்கிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். மாவட்டத்தின் பெயரும் அந்த ஊரின் பெயரும் ஒன்று என்பதற்காக நாங்கள் எல்லோரும் விவேகானந்தர் பாறைக்குப் பக்கத்திலா குடியிருக்கிறோம்? கடைசியில் நாகர்கோவில் போய்த்தான் வாங்கி வந்தேன்.

களிம்பேறிய நுனியை வெட்டிவிட்டு, உள்ளே பளபளவென்று இருந்த செம்பில் புது சாக்கெட் அடித்தேன். இப்போது மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை ஈத்டூல் போட்டுப் பார்த்துவிடுகிறேன். கடலோரம் இல்லாதவர்களுக்கு வேறு காரணம் இருக்கலாம், எலி கடித்த கேபிள்கூட இதே வேலையைச் செய்யும். பணத்தை எடுப்பதற்கு முன்னால் அந்த ஈத்டூல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 1000 என்று காட்டியும் 11 எம்பிதான் வருகிறது என்றால், வழியில் இருக்கிற ஸ்விட்ச்சையும் அந்தப் பக்கக் கம்ப்யூட்டரின் கேபிளையும் பாருங்கள்.