ராணுவச் சீருடையில் பணிக்கு வந்த முன்னாள் படைவீரர்: விடுப்பு மறுப்பல்ல, உடையே சிக்கல்

கேள்வி: ராணுவத்தில் 17 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். தமிழ்நாட்டில் தனியார் காவல் நிறுவனம் ஒன்றின் சூப்பர்வைசராக, ஒரு தொழிற்சாலையில் நான்கரை ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்துக்கு விடுப்பு கேட்டபோது மேலாளர் பலர் முன்னிலையில் கேலி செய்து மறுத்தார். மனம் பொறுக்காமல், அன்று என் பழைய ராணுவச் சீருடையில் பதக்கங்களுடன் பணிக்கு வந்து, வாயிலில் அஞ்சலி செலுத்தி, படத்தை முகநூலிலும் போட்டேன். நிறுவனச் சீருடை அணியாமல் உத்தரவை மீறியதாகக் குறிப்பாணை வந்திருக்கிறது. “நான் அணிந்தது நாடு தந்த சீருடை, அதில் தவறில்லை” என்று பதில் எழுதவிருக்கிறேன். என்னை அவமதித்ததற்கு வழக்குத் தொடரலாமா?

பதில்: மேலாளர் பேசியதை ஒதுக்கி வையுங்கள், அதன்மேல் வழக்குப் போட்டால் ஆண்டுகள் போகும், கைக்கு எதுவும் வராது. விடுப்பிலும் உங்கள் பக்கம் வலுவில்லை. தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கான தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களையும் மேற்கொண்டு ஐந்து நாட்களையும் தருகிறது. அந்த ஐந்தில் ஒன்றாக உங்கள் இடத்தில் சேர்க்கப்பட்டிருந்தாலன்றி, ஜூலை 26ஓ, டிசம்பர் 7 கொடிநாளோ, ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினமோ ஊதியத்துடன் கூடிய விடுமுறை ஆகாது.

சட்டப்படி இங்கே பொருட்படுத்த வேண்டியது ஒன்றுதான்: தனியார் காவல் பணியில் இருந்துகொண்டு நீங்கள் அணிந்த உடை. தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005இன் 21ஆம் பிரிவின்படி, தனியார் காவலரோ சூப்பர்வைசரோ தரைப்படை, கடற்படை, விமானப்படை அல்லது காவல்துறையின் சீருடையையோ அதைப் போன்ற தோற்றமுள்ள உடையையோ அணிந்தால், ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவும் படைவீரர் உடையைப் பற்றியதுதான். ஆனால் படையில் இருப்பவர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கம் இருந்தால்தான் அது பொருந்தும், அந்த நோக்கம் உங்களுக்கு இல்லை என்று எளிதாக வாதிட்டுவிடலாம். 21ஆம் பிரிவில் நோக்கம் என்ற சொல்லே இல்லை. முன்னாள் படைவீரருக்கு விலக்கும் அதில் எழுதப்படவில்லை. உங்கள் 17 ஆண்டுச் சேவை தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம். குற்றச்சாட்டுக்கு அது பதிலாகாது.

இந்த நிலையில் நீங்கள் எழுதவிருக்கும் விளக்கக் கடிதம்தான் எனக்குக் கவலை தருகிறது. வழக்கறிஞராக நான் பார்த்த கட்சிக்காரர்களில், குறிப்பாகப் படையிலிருந்து வந்தவர்களில், பலர் விழும் குழி இதுதான். நேர்மையாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, கேட்காத கேள்விக்கும் நான்கு பக்கம் பதில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார்கள். குறிப்பாணை நிறுவனச் சீருடை அணியாததை மட்டுமே சொல்கிறது; ராணுவச் சீருடை என்று அதில் இல்லை, அது தற்செயலாக இருக்காது. நீங்களாகவே அதை எழுத்தில் ஒப்புக்கொண்டால், உள்விசாரணையில் நிரூபிக்க எதுவும் மிஞ்சாது. அதே கடிதம் பின்னர் காவல்துறைப் புகாருக்கும் இணைப்பாகும். பொய் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. அன்று நிறுவனச் சீருடையில் வராதது உண்மை, அதற்கு வருந்துகிறேன், இனி நிகழாது என்று மூன்று வரிகளில் நிறுத்துங்கள். மேலாளரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், கார்கில் பற்றியும் வேண்டாம். முகநூல் படத்தை நீக்குங்கள். ஆனால் அப்படி ஒரு படமே இருந்ததில்லை என்று பிறகு மறுக்காதீர்கள், அது பலர் கைப்பேசியில் இருக்கும்.

வழக்கைவிடச் சமரசமே உங்களுக்கு நல்லது, அதற்கு வாய்ப்பும் இருக்கிறது. அதே 21ஆம் பிரிவு அணிந்தவரை மட்டுமல்லாமல் முகமையின் உரிமையாளரையும் தண்டனைக்கு உள்ளாக்குகிறது. ஆகவே இந்த விவகாரம் வெளியே போவதில் அவர்களுக்கும் விருப்பம் இராது. இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. சொன்னால் மிரட்டலாகிவிடும், பேச்சும் முறியும். எழுத்துமூல எச்சரிக்கையோடு முடிக்கவும், அவசியமானால் வேறு தொழிற்சாலைக்கு மாற்றவும் கேளுங்கள். இடமாற்றத்தைக் கௌரவக் குறைவாக எண்ணி மறுக்காதீர்கள்.

அவர்கள் “ராஜினாமா கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்” என்பார்கள். அதற்கு மட்டும் இணங்காதீர்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தாலே அது ஐந்தாண்டாகக் கொள்ளப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. நான்கரை ஆண்டில் இன்று விலகினால் அந்தக் கணக்கையும் நீங்கள் எட்டியிருக்க மாட்டீர்கள். தேதியிடாத தாளிலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்து கேட்டால், வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.