வார்டில் முதல் மரணத்தைப் பார்த்த நர்சிங் மாணவி: படிப்பை நிறுத்த வேண்டுமா?

உங்கள் மகள் ஊட்டியில் நர்சிங் முதலாண்டு. வார்டில் ஒரு பாட்டி இறந்ததைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கை என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் ஓரமாக நிற்பதுதான் இந்தப் பிள்ளைகளைப் பாதி பயமுறுத்துகிறது.

ஒருவர் இறந்ததும் வார்டில் செய்ய வேண்டியது இதுதான். டியூட்டி டாக்டர் ஈசிஜி பார்த்து, கேஸ் ஷீட்டில் இறந்த நேரம் எழுதும்வரை உடலிலிருந்து எதையும் கழற்றக்கூடாது. பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து தலைக்கு ஒரு தலையணை. இல்லையென்றால் ரத்தம் தேங்கி முகம் கறுத்துவிடும். இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைக்க வேண்டும். கண்தானம் என்றால் 6 மணி நேரம்தான் கெடு. பல்செட்டை அப்போதே மாட்டி, தாடைக்கடியில் துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். இமையும் தாடையும்தான் முதலில் விறைக்கும், பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில். மலைக்குளிரில் இது தாமதமாகும். அதை நம்பி விட்டுவிட்டால் வாய் திறந்தபடியே இறுகிவிடும், பார்க்க வரும் சொந்தங்களுக்கு அந்த முகம்தான் மனதில் நிற்கும்.

சிறுநீர் டியூபை, அதை உள்ளே பிடித்துவைத்திருக்கும் பலூனின் தண்ணீரை சிரிஞ்சால் இழுத்த பிறகே உருவ வேண்டும். ஆனால் விஷம், விபத்து, கூடலூர்ப் பக்கம் யானை அடித்தது என்றால் எம்.எல்.சி. கேஸ், அதாவது போலீஸ் விசாரணைக்குரியது; டியூபையும் எடுக்கக்கூடாது, உடலைத் துடைக்கவும் கூடாது.

மாணவியிடம் இதை அவசியம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: உடலைப் புரட்டும்போது நுரையீரலில் மிஞ்சிய காற்று வெளியேறி முனகல் போலச் சத்தம் வரும். சொல்லாமல் அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது.

நீலகிரியின் படுகர் குடும்பங்களில், உயிர் பிரியும் நேரம் வீரராய பணம் என்ற சிறு தங்கக்காசை நெய்யில் தோய்த்து விழுங்கக் கொடுப்பது பழைய வழக்கம். நினைவில்லாதவர் விழுங்கினால் மூச்சுக்குழாயில் அடைத்துவிடும். அதட்டாமல், கையில் கட்டச் சொல்லலாம். விழுங்க முடியாத நேரத்தில் அப்படிக் கட்டுவதும் அவர்கள் வழக்கம்தான்.

‘நர்ஸ் என்றால் மனசு கல்லாக வேண்டும்’ என்று இங்கே வாதிட வருவார்கள். கல்லானவர்கள்தான் அழுகிற குடும்பத்திடம் முதலில் பில்லை நீட்டுகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடு, தூக்கம் இல்லையென்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை சீனியர் ஒருவருடன் சேர்ந்து செய்யட்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் துடைக்க. புரட்டும் முன் ‘பாட்டி, திருப்புறோம்’ என்று வாய்விட்டுச் சொல்லலாம், தப்பே இல்லை.