தொழிலும் பட்டமும் ஒரே கல்லூரியில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தில் ஊர்க் கல்லூரிகள் பல, குழாய்ப் பணி, வெல்டிங்கோடு பட்டப்படிப்பும் நடத்துகின்றனவே! இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

பதில்: தொடக்கம் மாலை வகுப்புகள். 1821-இல் எடின்பரோவிலும் 1823-இல் லண்டனிலும் கைவினைஞர்களுக்கான கல்வி நிலையங்கள் தோன்றின. பகலெல்லாம் பட்டறையில் உழைத்தவர்கள் இரவில் கணிதமும் வேதியியலும் படித்தார்கள். இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் சந்தாவையும் நன்கொடையையும் நம்பியிருந்ததால் எப்போதும் பணமுடைதான். 1889-இல் வந்த சட்டம், தொழில்நுட்பக் கல்விக்காக உள்ளூர் மன்றங்கள் வரி விதிக்க வழிசெய்தது. மறு ஆண்டே எதிர்பாராத பணம் வந்தது. உரிமம் இழக்கும் மதுக்கடைக்காரர்களுக்கு இழப்பீடு தரவென்று மதுவின் மீது போட்ட கூடுதல் தீர்வை, எதிர்ப்பு கிளம்பியதால் மன்றங்களின் கைக்குப் போனது. 'விஸ்கிப் பணம்' என்றே அதற்குப் பெயர். பல ஊர்களில் டெக்னிக்கல் காலேஜ் எழும்பியது அந்தப் பணத்தில்தான்.

உயர்கல்வி மெல்ல உள்ளே வந்தது. வேலையில் இருந்தபடியே படிக்கும் தேசியச் சான்றிதழ்கள் 1921-இல் தொடங்கின. 1956 வெள்ளை அறிக்கைக்குப் பின் மேம்பட்ட தொழில்நுட்பக் கல்லூரிகள் தனியாகப் பிரிந்து, 1960-களில் பல்கலைக்கழகங்களாயின. அடுத்துப் பாலிடெக்னிக்குகள் (அங்கே பட்டப்படிப்பும் நடத்திய உயர்கல்வி நிலையங்கள்) பிரிந்தன. 1992-இல் அவையும் பல்கலைக்கழகங்களாயின. உச்சிக்கிளையை வெட்ட வெட்ட, ஊர்க் கல்லூரி மறுபடி துளிர்த்தது. எச்.என்.சி. (உயர் தேசியச் சான்றிதழ்), எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளமோ), 2001 முதல் ஃபவுண்டேஷன் டிகிரி என்ற, முழுப் பட்டத்துக்கு ஒரு படி கீழான தொழில்சார் பட்டம் எல்லாம் அப்படித் தழைத்தவையே. இந்தக் கல்லூரிகளின் உண்மையான சாதனையாக நாம் மதிப்பது இதைத்தான்.

கேள்வி: ஒரே கல்லூரிக்கு நிறுவிய ஆண்டு என்று மூன்று தேதிகள் கிடைக்கின்றன. எது சரி?

பதில்: மூன்றுமே சரியாக இருக்கலாம். முதல் மாலை வகுப்பு ஒரு தேதி, கட்டடம் திறந்தது இன்னொன்று, சட்டப்படி தனி அமைப்பானது மூன்றாவது. இங்கிலாந்தின் தொடர்கல்விக் கல்லூரிகள், அதாவது இங்கே பேசும் ஊர்க் கல்லூரிகள், பெரும்பாலானவற்றுக்கு அந்த மூன்றாவது தேதி 1993 ஏப்ரல் 1. 1992 சட்டத்தின்படி அன்றுதான் அவை உள்ளூர் மன்றத்தின் பிடியிலிருந்து விடுபட்டன. வரலாறு எழுதுவோர் எந்தத் தேதி என்று சொல்லாமல் விட்டால் குழப்பம் தவிர்க்க முடியாது. இரண்டு மூன்று கல்லூரிகள் ஒன்றாக இணைந்திருந்தால் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித் தேதி வரிசை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1980-களில் வாங்கிய சான்றிதழ் தொலைந்துவிட்டது. படித்த கல்லூரியும் இப்போது இல்லை. யாரிடம் கேட்பது?

பதில்: கல்லூரியைத் தேடி அலையாதீர்கள், சான்றிதழில் எந்த அமைப்பின் பெயர் இருந்தது என்று நினைவுகூருங்கள். பாடம் நடத்தியது கல்லூரி, பட்டம் கொடுத்தது வேறு அமைப்பு என்பதே அன்றைய வழக்கம். பிடெக் (BTEC) என்ற தொழிற்கல்விச் சான்றிதழ் அமைப்பின் எச்.என்.டி. என்றால் பியர்சன் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பாலிடெக்னிக், கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் வழங்கிய சி.என்.ஏ.ஏ. (CNAA) என்ற தேசிய அமைப்பின் பட்டம் என்றால், அந்த அமைப்பு கலைந்த பின் பதிவேடுகள் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திடம், அதாவது பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டியிடம், சென்றன. தொழிற்சான்றிதழ் வழங்கும் சிட்டி அண்ட் கில்ட்ஸ் அமைப்பு என்றால் நேரே அவர்களிடமே கேட்கலாம். விண்ணப்பத்தில் அன்றைய பெயர், பிறந்த தேதி, கல்லூரியின் அன்றைய பெயர், தேர்ச்சி ஆண்டு நான்கும் இருக்கட்டும். திருமணத்துக்குப் பின் மாறிய பெயரையோ கல்லூரியின் இன்றைய பெயரையோ மட்டும் தந்தால் பதிவு அகப்படாமல் போகலாம். பாடத்திட்ட விவரமும் வேண்டுமென்றால், அந்தப் பகுதியின் ஆவணக் காப்பகத்தில் பழைய கல்லூரிக் கையேடு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.