டல்லாஸில் சிறுவிமானம் ஓட்டக் கற்பது பற்றி

தம்பி, அம்பாசமுத்திரத்திலிருந்து வேலை விசாவில் டல்லாஸுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை என்றும், தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் விமானம் இறங்குவதைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்தே சிறுவிமானம் ஓட்டும் ஆசை இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். விசாவும் மூக்குக்கண்ணாடியும் தடையாகுமா, எவ்வளவு செலவாகும், ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் ஏற்றிச் செல்லலாமா என்பவை உங்கள் கேள்விகள். பாளையங்கோட்டையிலிருந்து வந்து இங்கேயே தனியார் விமானி உரிமம் பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விசா தடையல்ல. வேலையில் இருந்துகொண்டே பொழுதுபோக்காகக் கற்கலாம். ஆனால் குடியுரிமை இல்லாதவர்கள் பயிற்சி தொடங்குமுன் டி.எஸ்.ஏ. என்னும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, அனுமதி பெற வேண்டும். ஆசைக்கு ஒருமுறை ஆசிரியருடன் ஏறிப் பார்க்கும் அறிமுகப் பறப்புக்கு அந்த அனுமதி தேவையில்லை என்பதால், முதலில் அதைச் செய்துவிடுங்கள். கண்ணாடி அணிந்து 20/40 பார்வை, அதாவது நல்ல கண் 40 அடியில் படிப்பதை 20 அடியில் படிக்கும் பார்வை, இருந்தால் தனியார் விமானிக்கு வேண்டிய மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றுக்குப் போதும். கண்ணைவிட, மனச்சோர்வு போன்றவற்றுக்கு எடுக்கும் மாத்திரைகள்தாம் பலரை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கின்றன; அப்படி ஏதேனும் இருந்தால், அந்தச் சான்றுக்கான படிவத்தை நிரப்புமுன் விமானத் துறை மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

உண்மையான தடை, ஒரு பறப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே விழும் இடைவெளிதான். உரிமத்துக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. அதில் ஆசிரியருடன் 20, தனியாக 10. நடைமுறையில் 60, 70 மணி நேரம் ஆகிவிடுகிறது. விமான வாடகையும் ஆசிரியர் கட்டணமும் சேர்ந்து மணிக்கு 200 டாலரைத் தாண்டும் என்பதால் மொத்தத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வாரம் இரண்டு மூன்று முறை பறப்பவர் முன்னேறுகிறார். கையில் பணம் வரும்போது மட்டும் மாதம் ஒருமுறை வருபவர், சென்ற முறை கற்றதை மீட்டெடுப்பதிலேயே பாதி நேரத்தையும் பணத்தையும் இழக்கிறார். ஆகவே ஊரில் வீடு கட்டிய கடனோ தங்கையின் கல்யாணச் செலவோ நடந்துகொண்டிருந்தால், அவை முடியட்டும். முழுத்தொகையும் சேர்ந்த பிறகு தொடங்குங்கள். இரண்டு ஆண்டு தள்ளிப்போவதால் ஆசை கெட்டுப்போகாது.

பறப்பதில் கடினமானது இறங்குவது, அதிலும் பக்கக்காற்றில் இறங்குவது. காற்றாலைகள் நிற்கும் கயத்தாற்றுச் சாலையில் ஆடி மாதத்தில் சைக்கிள் மிதித்தவருக்கு, காற்று வரும் பக்கம் உடலைச் சாய்த்துக்கொண்டு நேராகப் போவது புதிதல்ல. இங்கும் காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்க்காலால் சுக்கானை மிதித்து, மூக்கை ஓடுபாதைக்கு நேராக வைக்க வேண்டும். டெக்சாஸில் காற்றுக்குப் பஞ்சமில்லை. கோடைப் பிற்பகலில் சூடான காற்று அடர்த்தி குறைந்து, எஞ்சினின் வலுவும் இறக்கையின் தூக்கலும் குறைவதால் மேலெழ நீண்ட ஓட்டம் தேவைப்படும். காலை வேளையையே கேட்டு வாங்குங்கள்.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் வானொலியில் பேச நம் திருநெல்வேலி ஆங்கிலம் எடுபடுமா என்று பலர் அஞ்சுகிறார்கள். அங்கே பேசுவது பெரும்பாலும் வரையறுத்த சொற்றொடர்களே. உச்சரிப்பைவிட, அவர்கள் சொன்ன ஓடுபாதை எண்ணைத் தவறாமல் திருப்பிச் சொல்வதுதான் முக்கியம்.

உரிமம் கிடைத்த பிறகு பெற்றோரைத் தாராளமாக ஏற்றிச் செல்லலாம், கட்டணம் மட்டும் வாங்கக்கூடாது. செஸ்னா 172 என்னும் சிறுவிமானத்தில் நான்கு இருக்கைகள் உண்டு என்றாலும், தொட்டி நிறைய எரிபொருளுடன் நான்கு பெரியவர்கள் ஏறினால் பெரும்பாலும் எடை வரம்பு மீறிவிடும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடம் உண்டு, மாமாவுக்குக் கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

விமானப் பயிற்சிப் பள்ளியில் சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் ஆசிரியர் இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார்? இளம் ஆசிரியர்கள் பலர் 1,500 மணி நேரம் சேர்ந்ததும் பெரிய விமான நிறுவனங்களுக்குப் போய்விடுகிறார்கள். அந்த எண்ணை நெருங்கியவரிடம் தொடங்கினால் பாதியில் ஆசிரியரை மாற்ற நேரிடும். பணத்தையும் மொத்தமாக முன்கூட்டியே கட்டாமல், பறந்த மணிக்கு மட்டும் கட்டுங்கள்.