இருக்கிற பொத்தானுக்கு 18,000 ரூபா எதுக்கு?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் நெல் கொள்வனவு மென்பொருள் வின்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். அதனால் புதுக் கணினியில் வேர்ச்சுவல் பொக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் எக்ஸ்பியை ஓட்டுகிறோம். கரண்ட் போனால் உள்ளே செய்த வேலை போச்சு. "சேவ், ரீஸ்டோர் பொத்தான் சேர்த்துத் தாறன், 18,000 ரூபா" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்தப் பொத்தான் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.

எக்ஸ்பி ஓடும் சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்துங்கள். மூன்று தெரிவு வரும். அதில் 'சேவ் த மெஷின் ஸ்டேட்' என்பதைக் கொடுத்தால், பாதி அடித்த பற்றுச்சீட்டு உட்பட எல்லாம் நின்ற நிலையிலேயே ஹார்ட் டிஸ்கில் எழுதப்படும். பிறகு வேர்ச்சுவல் பொக்ஸில் 'ஸ்டார்ட்' அழுத்த, விட்ட இடத்திலேயே கேர்சர் மினுங்கும். யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியதும் இதைச் செய்துவிட்டு, வெளிக் கணினியையும் முறையாக நிறுத்துங்கள். 'பவர் ஓஃப்' பக்கம் போகவேண்டாம். அது பிளக்கைப் பிடுங்குவது மாதிரி. சேவ் செய்த பிறகு வேர்ச்சுவல் பொக்ஸில் தெரியும் 'டிஸ்கார்ட்' என்பதும் அப்படித்தான், சேமித்த நிலையைத் தூக்கி எறிந்துவிடும்.

திரையில் தனிப் பொத்தான்தான் வேண்டுமென்றால், வேர்ச்சுவல் பொக்ஸுடனேயே வரும் 'வீ பொக்ஸ் மனேஜ்' கருவிக்கு ஒரு வரிக் கட்டளை போதும். உயர்தரத்தில் ஐ.சி.ரி. படிக்கிற பிள்ளை ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில் செய்து தரும்.

இந்த 18,000 ரூபாக்காரர்கள் அடுத்ததாக 'ஸ்னாப்ஷொட்' (எக்ஸ்பியின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) எடுத்துக் கொடுத்து, அதுதான் பக்கப் என்பார்கள். அல்ல! அதுவும் அதே டிஸ்கில்தான் கிடக்கும். டிஸ்க் செத்தால் இரண்டும் சாகும். முல்லைத்தீவுப் பக்கம் ஓரிடத்தில் இடம் போதவில்லையென்று ஒருவர் ஸ்னாப்ஷொட் கோப்புகளைக் கையால் அழித்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அந்த எக்ஸ்பி எழும்பவேயில்லை. என்னைக் கூப்பிட்டபோது அந்த ஆளின் போன் ஓஃப்.

ஒரு இடத்தில் மட்டும் சேவ் உங்களைக் கைவிடும். வேறு கணினிக்கு மாற்றும்போது, அல்லது வேர்ச்சுவல் பொக்ஸின் புது வேர்ஷன் போடும்போது, சேவ் செய்த நிலையில் விடாதீர்கள். உலை கொதிக்கிற பானையைத் தூக்கிக்கொண்டு வீடு மாற முடியுமா? அந்த நிலை, அது எழுதப்பட்ட கணினியின் புரொசெஸரையும் அந்த வேர்ஷனையும் நம்பி நிற்கிறது. இன்டெலில் சேவ் செய்ததை ஏ.எம்.டி.யில் திறந்தால் பெரும்பாலும் திறக்காது. ரேம் அளவைக்கூட அப்போது மாற்றவிடாது. ஆகவே முதலில் எக்ஸ்பிக்குள் போய், கணக்கு மென்பொருளை மூடி, ஸ்டார்ட் மெனுவில் 'டேர்ன் ஓஃப்' கொடுங்கள். வேர்ச்சுவல் பொக்ஸின் பட்டியலில் 'சேவ்ட்' என்று இல்லாமல் 'பவர்ட் ஓஃப்' என்று வந்த பிறகு கை வையுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: 'பவர்ட் ஓஃப்'. இது பட்டியலில் வரும் நிலையின் பெயர், முன்னே வேண்டாமென்ற 'பவர் ஓஃப்' தெரிவு அல்ல.

மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டது 2014 ஏப்ரலில். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வருகிறதே தவிர, புது மென்பொருள் வரக் காணோம். மின்சாரமோ, 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததற்குப் பரந்தன் வரை இருட்டு. உங்கள் தலைவர் அந்த 18,000 ரூபாவை ஒதுக்கிவிட்டாராயின், யூ.பி.எஸ்.ஸுக்குப் புது பற்றரி வாங்கச் சொல்லுங்கள். மிச்சத்தில் இரண்டு பென்ட்ரைவ். கணக்குக் கோப்பை ஒவ்வொரு பின்னேரமும் அதில் கொப்பி பண்ணி, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.